இரும்பு வீட்டில் இலை தொங்கியபோது

கிளாஃபீரா யாகோவ்லெவ்னா யார் வீட்டுக்குப் போனாலும் கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே சன்னலோரத் தொட்டிச் செடியைப் பார்ப்பார். இலை நிமிர்ந்திருந்தால் உட்காருவார். தொங்கியிருந்தால் உட்காரமாட்டார். "இதுக்குப் பக்கத்துல என்ன வெச்சிருக்கீங்க? ஆப்பிளா?" என்று வீட்டுக்காரியைக் கேட்பார். வயதானால் இப்படித்தான் என்று அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள். கணவர் புரோகோர் சிரிப்பதில்லை. ஆப்பிள் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் வைத்துவிட்டு வருவார்.

யெனிசெய் நதிக்கரையில் இருக்கிறது எங்கள் நகரம். எழுபதுகளின் தொடக்கத்தில், இங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் நிலவறையில் இரும்புத் தகட்டால் ஒரு வீடு கட்டினார்கள். செவ்வாய்க்கு மனிதன் போய்த் தங்குவதென்றால் மூச்சுக்காற்றை மூட்டை கட்டிக்கொண்டு போக முடியாது. அங்கேயே விளைவித்துக்கொள்ள வேண்டும். முடியுமா என்று பார்ப்பதற்குத்தான் அந்த வீடு. நான்கு அறைகள். ஒன்றில் மூன்று கட்டில்கள், அடுப்பு, மேசை. இரண்டில் விளக்கொளியில் வளரும் கோதுமை, தக்காளி, வெள்ளரி. நான்காவது அறையில் பச்சைத் தண்ணீர் ஓயாமல் சுழலும் பாசித் தொட்டி. உள்ளே இருக்கும் மூவரும் வெளிவிடும் கரியமில வாயுவைப் பாசியும் பயிரும் தின்று ஆக்சிஜனாகத் திருப்பித் தர வேண்டும். பாதி மூச்சு பாசியிலிருந்து, பாதி கோதுமையிலிருந்து. வெளிக்காற்று ஒரு மடக்குகூட உள்ளே வராது.

கிளாஃபீரா அதுவரை ஒரு கூட்டுப் பண்ணையின் கண்ணாடிக் குடிலில் வெள்ளரிக்காய் வளர்த்துக்கொண்டிருந்தவர். தேர்வுக் குழுவில் ஒரு டாக்டர் கேட்டார்: "முன்பின் தெரியாத ரெண்டு ஆம்பளைங்களோட ஆறு மாசம் ஒரே பெட்டிக்குள்ள இருக்க முடியுமா உங்களால?"

"ஒத்தை ரூம்ல மாமியாரோட பதினொரு வருஷம் இருந்திருக்கேன். இதுல நாலு ரூம் இருக்குன்னு சொல்றீங்க."

எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில்தான் சுலபமாக முடியவில்லை. புரோகோர் ஆற்றுக்கு அந்தக் கரையில் கல் குவாரியில் மண் வெட்டும் இயந்திரம் ஓட்டுபவர். "நெசமாவே செவ்வாய்க்குப் போறேன்னா போன்னு விட்ருவேன்" என்றார். "அதுல ஒரு பேராவது இருக்கு. நீ போறது கீழ்த்தளத்துக்கு. குவாரியில கேட்டா என்ன சொல்லட்டும்? என் பொண்டாட்டி மாடிப்படிக்கு அடியில இருக்கான்னா?"

அப்படிச் சொன்னவர்தான், கிளம்புகிற அன்று தன் கம்பளி பூட்ஸைக் கொண்டுவந்து பையில் திணித்தார். ஆட்டு ரோமத்தை அடித்து இறுக்கிச் செய்த, முழங்கால் வரை வரும் பூட்ஸ். "தரை இரும்பாமே. கால் விறைச்சிரும், கிளாஷா. ஓட்டை போடாம திருப்பிக் கொண்டா."

உள்ளே போய்ப் பார்த்தால் விளக்குகளின் சூட்டில் மெல்லிய சட்டையே கனத்தது. பூட்ஸ் கட்டிலுக்கடியில் போனது.

கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளிப்பக்கம் அதன் விளிம்பில் ஒரு காகிதப் பட்டை ஒட்டி, அதன்மேல் அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். உட்பக்கம் ஒரு கைப்பிடி. யாருக்கு முடியவில்லையோ அவர் அதை அழுத்திவிட்டு வெளியே வந்துவிடலாம். யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் ஒருவர் திறந்தாலும் சோதனை அத்தோடு முடிந்தது. முந்தைய முறை அப்படித்தான் இரண்டாம் மாதத்தில் திறந்தது. இந்த முறையும் திறந்தால் நிலவறையைக் காலிசெய்து வேறு பிரிவுக்குக் கொடுத்துவிடுவதாக மேலிடம் சொல்லியிருந்தது. அதனால் அந்தக் கைப்பிடியில் துண்டைக்கூட யாரும் மாட்டுவதில்லை.

உடன் இருந்தவர்கள் இருவர். ஒருவர் டாக்டர் மராத், தாத்தார் இனத்தவர், குழுவின் தலைவர். மற்றவன் யூலியன், இளம் இன்ஜினியர். விளக்கு, குழாய், காற்றாடி எல்லாம் அவன் பொறுப்பு. வேலை செய்யும்போது பாடுவான். நன்றாகப் பாடமாட்டான்.

"யூலியன், நிறுத்து" என்பார் மராத். "உன் பாட்டுக்கு ஒரு பாத்திக் கோதுமை செலவாகுது."

"அக்கா கேக்கறாங்க டாக்டர்."

"அக்காவுக்கு வேற வழியில்ல. கதவு மூடியிருக்கு."

வெளியே இருப்பவர்களை இவர்கள் 'பூமி' என்றுதான் அழைப்பார்கள். பூமி என்றால் பெரும்பாலும் ரிம்மா ல்வோவ்னா. பயிர்களின் தலைமை ஆராய்ச்சியாளர். வெளிச்சுவரில் ஒரு வட்டச் சன்னலும், ஒரு தொலைபேசியும், கரியமில வாயுவின் அளவைக் காட்டும் ஒரு முள்ளும் இருந்தன. உள்ளேயும் அதே போன்ற முள் ஒன்றும், எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கி வைத்த ஒரு பேசும் கருவியும் இருந்தன. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் ரிம்மாவே முத்திரையை உடைத்துக் கதவைத் திறந்தாக வேண்டும். அது எழுதிக் கையெழுத்திட்ட விதி.

நவம்பர் கடைசியில் தக்காளிக் கொடிகளில் பாதியைப் பிடுங்கிவிட்டுக் கோதுமை விதைக்கும் முறை வந்தது. கொடிகளில் இன்னும் காய்கள் இருந்தன, பச்சையாக, கெட்டியாக. பிடுங்கியதெல்லாம் உலர்த்தும் அலமாரிக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. கொடியைப் போட்டார் கிளாஃபீரா. காயைப் போட அவருக்குக் கை வரவில்லை.

சைபீரியாக்காரர் எவருக்கும் வராது. எங்கள் கோடை, விருந்துக்கு வந்தவன் தொப்பியை மறந்துவிட்டுப் போவதுபோல் சட்டென்று எழுந்து போய்விடும். தக்காளி செடியில் பழுப்பதற்குள் உறைபனி விழும். அதற்கு முந்தின நாள் ஊரே காயைப் பறித்துக் கம்பளி பூட்ஸுக்குள் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடும். இருட்டு, கதகதப்பு. ஒன்று பழுத்தால் பக்கத்தில் இருப்பதையும் பழுக்கவைக்கும். குளிர்காலம் பிறந்த பிறகு ஒவ்வொன்றாகச் சிவப்பாக எடுப்பார்கள். கிளாஃபீராவிடம் இரண்டு பூட்ஸ் சும்மா கிடந்தன. இரண்டையும் நிரப்பினார். புத்தாண்டு இரவு மேசையில் சிவக்கச் சிவக்க ஒரு தட்டு வைத்து அந்த இரண்டு பேரின் முகத்தையும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை. பிறகு வேலையில் அதை அவரே மறந்துபோனார்.

டிசம்பர் நடுவில் ஒரு காலையில் வெள்ளரி இலைகள் தொங்கின.

தண்ணீர் போதவில்லையோ என்று விட்டுப் பார்த்தார். மறுநாள் தக்காளி இலையும் தொங்கியது. அதற்குப் பின் கோதுமையின் நுனி மஞ்சளானது. கதிரைப் பிதுக்கினால் உள்ளே மணி இல்லை, வெறும் உமி. முள் நகர ஆரம்பித்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் நகராது. தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் நகர்ந்திருக்கும்.

மூவருக்கும் தலைவலி வந்தது. படியேறாமலே படியேறிய மூச்சு. "ஆக்சிஜன் குறையறது அப்புறம்" என்றார் மராத். "அதுக்கு முன்னாடி நாம விட்ட மூச்சே நம்மள மூடிரும். இப்போ அதுதான் நடக்குது."

யூலியன் விளக்குகளைச் சந்தேகித்தான். எல்லாவற்றையும் துடைத்தான். மராத் புதிதாகப் பூசிய பெயின்டைச் சந்தேகித்தார். பூமி பாசித் தொட்டியைச் சந்தேகித்தது. பாசி பச்சையாக, ஆரோக்கியமாகச் சுழன்றுகொண்டிருந்தது. பொருள்களைச் சந்தேகித்து முடித்ததும் மனிதர்கள் ஒருவரையொருவர் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"காலையில எவ்வளவு நேரம் சைக்கிள் மிதிச்ச?" மராத் கேட்டார்.

"நீங்க சொன்ன நேரம்தான்."

"கூட மிதிச்சியா?"

"டாக்டர், என் மூச்ச எண்ணுறீங்களா? ராத்திரி நீங்க விடற குறட்டையை யாரு எண்றது?"

"ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றார் கிளாஃபீரா. "சண்டைக்கும் காத்துதான் செலவாகுது."

யூலியன் பாடுவதை நிறுத்தியிருந்தான். அதுதான் கிளாஃபீராவை அதிகம் பயமுறுத்தியது. ஒருமுறை, பாத்திரம் கழுவும்போது, மூவருமே கதவின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருப்பதை அவர் கவனித்தார். உடனே மூவரும் கண்ணை வேறு பக்கம் திருப்பினார்கள்.

சனிக்கிழமை தொலைபேசியில் ரிம்மா ல்வோவ்னா கூப்பிட்டார். தூங்காதவரின் குரல்.

"கிளாஃபீரா யாகோவ்லெவ்னா, இலை எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லுங்க. சன்னல் வழியாச் சரியாத் தெரியல. ஓரம் சுருளுதா?"

"சுருளல. காம்போட தொங்குது. தோளு கழண்டு கை தொங்கற மாதிரி."

"வாடின மாதிரியா?"

"இல்ல. தொட்டா விறைப்பாத்தான் இருக்கு. தண்ணி இருக்கு உள்ள. ஆனா தொங்குது."

இலையுதிர்காலத்தில் எங்கள் நகரத்தில் பேராசிரியரானாலும் காவலாளியானாலும் காய்கறிக் கிடங்குக்கு அனுப்பிவைப்பார்கள், முட்டைக்கோஸும் ஆப்பிளும் தரம் பிரிக்க. ரிம்மாவும் போவார்.

"போன வருஷம் கிடங்குல, எங்ககூட வேலை செய்யற லீதாவோட பிறந்தநாளுக்குப் பூச்செடி வாங்கி ஆப்பிள் அறையில ஒளிச்சு வெச்சோம்" என்றார் அவர் மெதுவாக. "சாயந்தரத்துக்குள்ள செத்துப்போச்சு. அந்தச் செடி இலையும் இப்படித்தான் தொங்குச்சு, விறைப்பா. பழுக்கற பழம் எத்திலீன் விடும். திறந்த இடத்துல அது ஒண்ணுமே இல்ல. உங்க பெட்டிக்குள்ள அது போக இடமில்ல. உள்ள எங்கயாவது பழம் கிடக்குதா?"

"இல்லயே" என்றார் பக்கத்தில் நின்ற மராத், ஒலிவாங்கிப் பக்கம் குனிந்து. "பறிச்சதை அன்னன்னிக்கே தின்னுடறோம்."

"தரைக்கு அடியில? குழாய்க்குப் பின்னால?"

"நான் குழாய் முழுக்கப் பாத்துட்டேன்" என்றான் யூலியன்.

கிளாஃபீராவுக்குக் காது அடைத்தது. அந்த நேரத்தில் தன் மூச்சுச் சத்தம் மட்டுமே கேட்டதாகப் பின்னாளில் சொன்னார்.

"இருக்கு" என்றார்.

"எங்க?"

"பூட்ஸ்ல."

அவர் போய் மண்டியிட்டுக் கட்டிலுக்கடியிலிருந்து இரண்டையும் இழுத்தார். விளிம்பு வரை சிவப்பு. அழகான பழங்கள். அடியில் இருந்த சில அழுகிக் கம்பளியோடு ஒட்டியிருந்தன. பாசித் தொட்டியின் சேற்று நாற்றத்தில் வேறெந்த வாடையும் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. மராத் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பாதியிலேயே மூச்சிரைப்பாக மாறி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"புத்தாண்டுக்கு..." என்றார் கிளாஃபீரா.

"எங்கம்மா பியானோவுக்குள்ள வெப்பாங்க" என்றான் யூலியன்.

ரிம்மா திட்டவில்லை. நல்ல பழத்தையெல்லாம் இப்போதே தின்னச் சொன்னார். மீதியைக் கொதிக்கவைக்கச் சொன்னார், வெந்த பழம் வாயு விடாது என்று. பூட்ஸை ரப்பர் பையில் போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். காற்றில் ஏற்கனவே கலந்ததை அழிக்க ஒரு வழி இருந்தது. பழுக்கக் காய்ச்சிய உலோகத் தகடு வழியாகக் காற்றைச் செலுத்தி மாசுகளை எரிக்கும் அடுப்பு. வீடு கொதிக்கும் என்பதால் வாரத்துக்கு ஒருமுறைதான் அதை ஓட்டுவார்கள். இனி நிறுத்தாமல் ஓட வேண்டும்.

"இலை எழுந்திருமா?" கிளாஃபீரா கேட்டார்.

"முத்தினது எழாது. இளசு எழலாம். எழற வரைக்கும் முள்ளு ஏறத்தான் செய்யும். கோட்டைத் தொட்டா நான் திறந்துருவேன், கிளாஃபீரா யாகோவ்லெவ்னா. உங்க யார்கிட்டயும் கேக்க மாட்டேன்."

அன்று மதியம் மூவரும் பேசாமல் தக்காளி தின்றார்கள். நல்ல ருசி என்பது மேலும் சங்கடமாக இருந்தது. தின்று முடித்ததும் கிளாஃபீரா சொன்னார்: "நான் வெளிய போயிடறேன். மூணு மூச்சு ரெண்டாகும். தப்பு என்னோடது."

"கதவு திறந்தா திறந்ததுதான்" என்றார் மராத். "ஒருத்தர் போனாலும் முடிஞ்சுது."

"முடிஞ்சா முடியட்டும். உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"அக்கா, நீங்க போனா அந்த நாத்தை யாரு பாக்கறது? நானா?" என்றான் யூலியன். "நான் பாத்தா பாசியும் சேத்துச் செத்துரும்."

அப்புறம் மராத் ஒரு கணக்குப் போட்டார். வேலை செய்கிறவன் விடும் மூச்சு, படுத்திருப்பவனைப் போல் இரண்டு மூன்று மடங்கு. பயிரைக் காப்பாற்ற ஒருவர் வேலை செய்தே ஆக வேண்டும், அது கிளாஃபீரா. ஆகவே மற்ற இருவரும் படுக்க வேண்டும். பேசக் கூடாது, உலாவக் கூடாது, வயிறு முட்டத் தின்னக் கூடாது. தங்கள் பங்கு மூச்சை அவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.

"செஞ்சவளுக்கே கூடுதல் பங்கா?" என்றார் கிளாஃபீரா.

"ஆமா. அதுதான் தண்டனை. போய் வேலையப் பாருங்க."

இருவரும் மரக்கட்டை மாதிரி படுத்தார்கள். அவர் மஞ்சளான பாத்திகளைப் பிடுங்கினார், அழுகும் இலையும் ஆக்சிஜன் தின்னும் என்பதால். தொட்டிக் கண்ணாடியில் படிந்த பாசியை வழித்து உள்ளே வெளிச்சம் விழச்செய்தார். நல்ல விளக்குகளை இளநாற்றின் மேல் திருப்பினார். ஒரு பாத்தி முடித்து, சுவரில் சாய்ந்து, மூச்சு வாங்கி, அடுத்த பாத்தி. அடுப்பு ஓடி வீடு வெந்தது. கட்டில் பக்கம் போகவே கூசியது. அவர்கள் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் பயம், மூடியிருந்தால் அதைவிடப் பயம்.

மறுநாள் ஞாயிறு. உறவினர் சன்னலுக்கு வரும் நாள்.

புரோகோர் வரும்போதே கோபத்தோடு வந்தார். வாசலில் கோட் வாங்கி வைக்கும் அம்மாள் அவருக்குப் பழக்கம். "உங்க வீட்டம்மாவுக்கு உள்ள காத்து தீந்துட்டு வருதாம்" என்று அவள் சொல்லியிருந்தாள். வட்டச் சன்னலில் நெற்றியை ஒட்டிப் பார்த்தார். இரண்டு ஆண்கள் அசையாமல் கட்டிலில். அவர் மனைவி சுவரில் சாய்ந்து, நனைந்த முடியோடு, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு.

தொலைபேசியை எடுத்தார். "வெளிய வா."

"முடியாது, புரோஷா."

"செத்துட்டானுங்களா அவனுங்க?"

"படுத்திருக்காங்க. எனக்காகத்தான்."

"ஆம்பளைங்க ரெண்டும் மல்லாந்து கிடக்கு, நீ வேலை செய்யற. இதுக்குச் செவ்வாய் எதுக்கு? இது நம்ம வீட்லயே நடக்குமே. கைப்பிடிய அழுத்து."

"அழுத்தமாட்டேன்."

"அப்ப நான் திறக்கறேன். என்ன பெரிய பூட்டா? ஒரு காயிதம்."

அவர் தொலைபேசியைத் தொங்கவிட்டுக் கதவுப் பக்கம் போனார். அந்த நேரத்தில் அந்தக் கூடத்தில் யாரும் இல்லை. ரிம்மா மேலே மின்சாரக்காரரோடு பேசப் போயிருந்தார். கிளாஃபீரா கண்ணாடியைத் தட்டினார். உள்ளங்கையால், பிறகு முட்டியால். புரோகோரின் பெரிய விரல் காகிதப் பட்டையின் நுனியில் இருந்தது. நகம் அடியில் போய்விட்டிருந்தது.

கிளாஃபீராவுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. ஓடக் கூடாது என்ற விதியை மறந்து ஓடிப்போய், ரப்பர் பையைத் தூக்கிவந்து கண்ணாடியில் அழுத்தினார். உள்ளே பூட்ஸ்.

புரோகோர் பார்த்தார். திரும்பி வந்தார். தொலைபேசியை எடுத்தார்.

"என்னோடது தானே அது?"

கிளாஃபீரா மூச்சு வாங்கி வாங்கி எல்லாவற்றையும் சொன்னார். தக்காளி, இலை, முள், புத்தாண்டு. புரோகோர் குறுக்கே பேசாமல் கேட்டது திருமணமான பின் அதுவே முதல் முறை.

"அப்போ என் பூட்ஸாலதான் இவனுங்க இப்படிக் கிடக்கானுங்களா?"

"நான் வெச்சதால. பூட்ஸ் என்ன செய்யும்."

"ஓட்டை போடாதன்னு சொன்னேன். அதுக்குள்ள ஊறப்போடாதன்னு சொல்லல." கொஞ்சம் நிறுத்தினார். "இப்ப என்ன செய்யணும்?"

"அந்த முள்ளைப் பாத்துச் சொல்லு. நான் இங்கிருந்து அங்க நடந்து பாத்தா மூச்சு செலவாகுது. நீ சொன்னா நான் பாத்திய விட்டு நகரவேண்டாம்."

கிளாஃபீரா பேசும் கருவியை நாற்று அறைச் சுவர்வரை இழுத்து மாட்டினார். புரோகோர் ஒரு ஸ்டூலைப் போட்டு முள்ளுக்கு எதிரே உட்கார்ந்தார். சிவப்புக் கோட்டுக்கும் முள்ளுக்கும் இடையே தீக்குச்சிப் பருமன் இடம். உண்மையாகவே ஒரு தீக்குச்சியை எடுத்து, முள் நின்ற இடத்துக்கு நேராக, கண்ணாடி மேல் எச்சில் தொட்டு ஒட்டினார்.

"நிக்குது" என்றார். பிறகு, "நிக்குது". பிறகு, "கிளாஷா, ஏறுது."

"எவ்வளவு?"

"பாதிக் குச்சி."

ரிம்மா வந்து அவருக்குப் பின்னால் நின்றார். எச்சில் தீக்குச்சியைப் பார்த்தார். கையில் முத்திரை உடைக்கும் கத்தி இருந்தது. அதை மேசைமேல் வைத்தார், மறுபடி எடுத்தார்.

நாற்று அறையில் கிளாஃபீரா நின்றுகொண்டே ஒரு பாத்தியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக விதைத்தது. முந்தின நாள் பழம் தின்றதிலிருந்து அது தொங்கவும் இல்லை, நிமிரவும் இல்லை. ஓரத்து நாற்று ஒன்றின் இலை விளக்கைப் பார்த்திருந்தது. முன்பே அப்படித்தான் இருந்ததா, தெரியவில்லை. நம்பாமல் பக்கத்து நாற்றைப் பார்த்தார். அதற்கும் பக்கத்தில் இருந்ததை. வெள்ளரியின் கொழுந்து ஒன்று காம்பைக் கொஞ்சம் உயர்த்தியிருந்தது.

"புரோஷா. முள்ளு?"

பதில் வரவில்லை.

"புரோஷா!"

"இரு. பேசாத. மூச்சு செலவாகும்னியே." கொஞ்ச நேரம் இழுத்துச் சொன்னார்: "குச்சிகிட்ட வந்துருச்சு. திரும்பி வந்துருச்சு. என் கண்ணு சரியா இருக்கா, நீங்க பாருங்க அம்மா."

ரிம்மா குனிந்து பார்த்தார். கத்தியைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் இருவரும் படுத்தே இருந்தார்கள். புத்தாண்டு இரவில் மேசைமேல் வெள்ளரிக்காயும் தக்காளி சூப்பும்தான். யூலியன் ஒரு பாட்டுப் பாட அனுமதி கேட்டான். மராத் பாதிப் பாட்டுக்கு அனுமதி கொடுத்தார்.

கதவு ஏப்ரலில், குறித்த நாளில் திறந்தது. வெளியே வந்ததும் கிளாஃபீராவுக்கு மனிதர்களின் வாடை தாங்கவில்லை. புகையிலை, பெட்ரோல், செண்ட். புரோகோர் பூட்ஸை வாங்கி உள்ளே மூக்கை விட்டுப் பார்த்துவிட்டு, துவைத்து வெயிலில் வைத்தார். இன்றும் அதைத்தான் போடுகிறார்.

அவர்கள் வீட்டில் தக்காளி இப்போது சன்னல் மேடையில், திறந்த தட்டில் பழுக்கிறது. சன்னலின் மேல்மூலையில் இருக்கும் சின்னக் கதவை கிளாஃபீரா குளிர்காலத்திலும் மூட விடுவதில்லை. போன ஜனவரியில் குளிர் மைனஸ் நாற்பதைத் தாண்டிய அன்று, புரோகோர் தொப்பியோடு படுத்திருந்தார்.

"கிளாஷா, ஒரு மணி நேரம் மூடேன். தெருவையே சூடாக்கிட்டு இருக்கோம்."

அவர் எழுந்து, சன்னலோரச் செடியைத் தொட்டுப் பார்த்தார். இலை குளிரில் விறைத்திருந்தது. தொட்டியைத் தூக்கிக் கணப்புக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தார். சின்னக் கதவை மூடவில்லை. இன்னொரு போர்வையை எடுத்து வந்து புரோகோர் மேல் போட்டார்.